பழைய பாவங்களுக்கு என்ன வழி? தவ்பா (பாவமன்னிப்புக் கோரி மீளுதல்) செய்ய வருபவருக்கான நடைமுறை வழிகாட்டி

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தூணோரமாகத் தயங்கி நின்று இமாமிடம் தனியாகப் பேச வருபவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒருவர் அண்மையில் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தவர். இன்னொருவர் முஸ்லிம் வீட்டிலேயே பிறந்து, சிறுவயதில் மதரஸாவில் ஓதி, பிறகு பத்துப் பதினைந்து வருடம் தொழுகைப் பக்கமே தலைவைக்காமல் இருந்துவிட்டுத் திரும்பியவர். இருவரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நான் செய்ததெல்லாம் மன்னிக்கப்படுமா ஹஜ்ரத்?"

மன்னிக்கப்படும். "தமக்கே வரம்பு மீறித் தீங்கிழைத்துக்கொண்ட என் அடியார்களே, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழந்துவிடாதீர்கள், அல்லாஹ் பாவங்கள் யாவற்றையும் மன்னிக்கிறான்" என்ற குர்ஆனின் 39:53 வசனத்துக்குப் பிறகு அதில் சந்தேகப்பட இடமில்லை. ஆனால் அடுத்த கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை: அதற்கு நான் என்னென்ன செய்ய வேண்டும்? அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் இடையில் உள்ளது ஓர் இரவில் தீர்ந்துவிடலாம். மனிதர்களுக்கும் உங்களுக்கும் இடையில் உள்ளதற்குச் சில சமயம் வருடங்கள் ஆகும். இந்தக் கட்டுரையில் முதலாவதைச் சுருக்கமாகவும் இரண்டாவதை நீளமாகவும் எழுதியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

முதலில், நீங்கள் எந்த வகை என்று பாருங்கள்

நீங்கள் புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர் என்றால் உங்கள் பாதி வேலை கலிமா சொன்ன நொடியிலேயே முடிந்துவிட்டது. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மரணப் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு நெடுநேரம் அழுதபடி சொன்ன சம்பவம் ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. ஒரு காலத்தில் நபிகள் நாயகத்தை (ஸல்) அவரைப்போல் வெறுத்தவர் எவருமில்லை. பிறகு மனம் மாறி வந்து, உறுதிமொழி அளிக்கிறேன், கையை நீட்டுங்கள் என்கிறார். நபியவர்கள் கையை நீட்டியதும் அம்ர் தன் கையை இழுத்துக்கொள்கிறார். "என்ன ஆயிற்று, அம்ரே?" "ஒரு நிபந்தனை இருக்கிறது." "என்ன நிபந்தனை?" "என் பாவங்கள் மன்னிக்கப்பட வேண்டும்." அதற்கு வந்த பதில்: "இஸ்லாம் தனக்கு முன் இருந்ததை அழித்துவிடும் என்பது உமக்குத் தெரியாதா? ஹிஜ்ரத் (மார்க்கத்துக்காக ஊர்விட்டுச் செல்லுதல்) தனக்கு முன் இருந்ததை அழித்துவிடும், ஹஜ் தனக்கு முன் இருந்ததை அழித்துவிடும் என்பது தெரியாதா?"

ஆகவே கலிமாவுக்கு முந்தைய வருடங்களின் தொழுகையையோ நோன்பையோ ஸகாத்தையோ நீங்கள் கணக்குப் பார்த்து ஈடுசெய்ய வேண்டியதில்லை. அப்போது செய்த நல்ல காரியங்களும் வீணாகவில்லை. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) தாம் முன்பு அடிமைகளை விடுதலை செய்ததையும் தானம் கொடுத்ததையும் உறவுகளைப் பேணியதையும் சொல்லி, அவற்றுக்குக் கூலி உண்டா என்று கேட்டபோது, "முன்பு செய்த நன்மைகளோடுதான் இஸ்லாத்துக்கு வந்திருக்கிறீர்" என்று நபியவர்கள் சொன்னார்கள். உடலில் பழைய பச்சை குத்தல் இருக்கிறதே என்று பலர் கவலைப்படுகிறார்கள். அதனால் ஒளுவும் (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுதல்) தொழுகையும் கெடாது. உடலுக்குத் தீங்கு வருமானால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு வேலி இருக்கிறது. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் மக்காவின் குறைஷிக் குலத்தாரின் தூதராகப் பேச வந்த உர்வா இப்னு மஸ்வூத், பேச்சினூடே நபியவர்களின் தாடியைத் தொடுகிறார். பக்கத்தில் வாளோடு நின்ற முஃகீரா இப்னு ஷுஃபா வாளுறையின் அடிமுனையால் அந்தக் கையைத் தட்டிவிடுகிறார். யார் இது என்று நிமிர்ந்து பார்த்த உர்வா, "துரோகியே, உன் துரோகத்துக்காக நான் இன்னமும் அலைந்துகொண்டிருக்கிறேன்" என்று சீறுகிறார். முஃகீரா இஸ்லாத்துக்கு வருவதற்கு முன் வழித்துணையாகச் சென்றவர்களையே கொன்று, அவர்கள் பொருளை எடுத்துக்கொண்டு வந்தவர். இஸ்லாத்தை ஏற்க வந்த அன்று அவரிடம் நபியவர்கள் சொன்னது இதுதான்: "இஸ்லாத்தை ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பொருளோடு எனக்குச் சம்பந்தமில்லை." கலிமா சொன்னதால் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய கைமாற்று ரத்தாகிவிடாது. கூட்டு வியாபாரத்தில் மறைத்த லாபம் உங்கள் சொத்தாகிவிடாது. கொடுக்க வேண்டியவர் இந்துவா, கிறிஸ்தவரா, முஸ்லிமா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

இரண்டாம் வகையினருக்கு, அதாவது முஸ்லிமாகவே இருந்து விலகிப்போனவர்களுக்கு, கீழே வரும் எல்லாப் பகுதிகளும் பொருந்தும்.

நிறுத்துவது, வருந்துவது, உறுதிகொள்வது

ஹதீஸ் அறிஞர் இமாம் நவவி தம் ரியாளுஸ் ஸாலிஹீன் நூலில் தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறார்: பாவத்தை விட்டுவிட வேண்டும், செய்ததற்கு வருந்த வேண்டும், இனி அதன் பக்கம் போவதில்லை என்று உறுதிகொள்ள வேண்டும். பாவம் இன்னொரு மனிதரைத் தொட்டிருந்தால் நான்காவதாக ஒன்று சேரும்: அவருடைய உரிமையை அவரிடம் சேர்க்க வேண்டும்.

நிறுத்துவதென்றால் அன்றே நிறுத்துவதுதான். மது தடைசெய்யப்பட்ட நாளில் அனஸ் (ரலி) சிறுவர்; அபூதல்ஹா வீட்டில் பெரியவர்களுக்குப் பேரீச்சை மதுவை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியே அறிவிப்பாளரின் குரல் கேட்கிறது. என்னவென்று பார்த்துவரச் சொல்கிறார்கள். செய்தி தெரிந்ததும் அபூதல்ஹா சொன்னது, "போய்க் கொட்டிவிடு" என்பதுதான். இருப்பதைக் குடித்துத் தீர்த்துவிட்டு நாளையிலிருந்து என்று யாரும் சொல்லவில்லை. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது என்கிறார் அனஸ்.

வருத்தம் என்பது மாட்டிக்கொண்டதற்கான வருத்தமாக இருக்கக் கூடாது. குடித்துக் குடல் கெட்டதால் விட்டவர் உடம்புக்காக விட்டவர். அது நல்லதே, ஆனால் தவ்பா வேறு. அல்லாஹ்வுக்கு மாறுசெய்தோமே என்ற உறுத்தல் இருக்க வேண்டும். அழுகை வரவில்லையே என்று சிலர் தவிக்கிறார்கள். கண்ணீர் நிபந்தனை இல்லை.

உறுதி நிலைக்க வேண்டுமானால் சூழலை மாற்ற வேண்டும். தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற மனிதரின் கதையை நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள். உனக்கு மன்னிப்பே இல்லை என்ற துறவியையும் வெட்டி நூறாக்கிவிட்டு, ஓர் அறிஞரிடம் போகிறார் அவர். அந்த அறிஞர், "தவ்பாவுக்கும் உனக்கும் இடையில் குறுக்கே நிற்பவர் யார்?" என்று சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்தவில்லை. இன்ன ஊருக்குப் போ, அங்கே அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கிறார்கள், உன் ஊருக்குத் திரும்பாதே, அது கெட்ட ஊர் என்றும் சொல்லி அனுப்புகிறார். உபதேசத்தோடு ஒரு விலாசமும் கொடுத்தார். நீங்கள் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்காது. கைப்பேசியில் அழிக்க வேண்டிய எண்கள் இருக்கும், விலக வேண்டிய குழு இருக்கும், வேலை முடிந்து வீட்டுக்கு வர வேறு தெரு இருக்கும்.

தவ்பா செய்த பிறகும் சறுக்கினால்? முதல் தவ்பா உண்மையாக இருந்திருந்தால் அது செல்லுபடியானதே. புதிய பாவத்துக்குப் புதிய தவ்பா செய்யுங்கள். அடியான் பாவம் செய்து மன்னிப்புக் கேட்கிறான், மன்னிக்கப்படுகிறான். மீண்டும் செய்து மீண்டும் கேட்கிறான், மீண்டும் மன்னிக்கப்படுகிறான் என்று மூன்று முறை சொல்லும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரு தொகுப்புகளிலும் இருக்கிறது. நாளைக்குச் செய்வதற்கு இன்றைக்கே திட்டத்தை வைத்துக்கொண்டு கேட்கும் மன்னிப்பு வேறு கதை. அது உங்களுக்கே தெரியும்.

அந்த இரவில் செய்ய வேண்டியது

புதிதாகக் கலிமா சொன்னவர் முதலில் குளித்துக்கொள்ளுங்கள். கைஸ் இப்னு ஆஸிம் (ரலி) இஸ்லாத்துக்கு வந்தபோது தண்ணீரும் இலந்தை இலையும் கொண்டு குளிக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் ஒளு செய்தால் போதும். பிறகு இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுங்கள். பாவம் செய்த ஒருவர் ஒளு செய்து, இரண்டு ரக்அத் தொழுது, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டால் அவன் மன்னிக்காமல் விடுவதில்லை என்று அபூபக்கர் (ரலி) வழியாக வந்த ஹதீஸ்தான் இதற்கு அடிப்படை. சிறப்பான சூராக்கள் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஸலாம் கொடுத்த பிறகு கையேந்தித் தமிழிலேயே கேளுங்கள். உங்கள் தாய்மொழி அல்லாஹ்வுக்குத் தெரியும். பாவத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. "எல்லாப் பாவத்தையும்" என்று மொத்தமாகக் கேட்கும்போது மனம் எதையும் தொடாமல் நழுவிவிடுகிறது. அரபியில் ஒன்று கற்றுக்கொள்ள விரும்பினால், மன்னிப்புக் கேட்கும் துஆக்களில் தலையாயது என்று நபியவர்கள் சொன்ன ஸய்யிதுல் இஸ்திக்ஃபாரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்:

"அல்லாஹும்ம அன்த ரப்பீ, லா இலாஹ இல்லா அன்த, கலக்தனீ வஅன அப்துக, வஅன அலா அஹ்திக வவஃதிக மஸ்ததஃது, அஊது பிக மின் ஷர்ரி மா ஸனஃது, அபூஉ லக பினிஃமதிக அலைய்ய, வஅபூஉ லக பிதன்பீ, ஃபக்ஃபிர்லீ, ஃபஇன்னஹு லா யக்ஃபிருத் துனூப இல்லா அன்த."

பொருள்: இறைவா, நீயே என் அதிபதி. உன்னையன்றி வணக்கத்துக்குரியவன் இல்லை. நீ என்னைப் படைத்தாய்; நான் உன் அடிமை. உனக்களித்த வாக்கையும் உறுதியையும் என்னால் முடிந்தவரை காத்துவருகிறேன். நான் செய்தவற்றின் தீங்கிலிருந்து உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன். நீ எனக்குச் செய்த அருளை ஒப்புக்கொள்கிறேன். என் பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு, உன்னைத் தவிர பாவங்களை மன்னிப்பவர் இல்லை.

காலையிலும் மாலையிலும் ஓத வேண்டியது இது. தமிழ் எழுத்தில் அரபி உச்சரிப்பு முழுதாக வராது. தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை ஓதிக்காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களில் இருக்கும் பெண்கள் தொழ முடியாதே தவிர, துஆவுக்கும் இஸ்திக்ஃபாருக்கும் தடையில்லை. தூய்மையாகும்வரை தவ்பாவைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாயை மூடிக்கொள்ளுங்கள்

இஸ்லாத்தில் பாவ அறிக்கை கேட்கும் பதவி யாருக்கும் இல்லை. இமாமிடமோ ஷெய்கிடமோ ஜமாஅத் தலைவரிடமோ நீங்கள் செய்ததைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் கட்டளை. என் சமுதாயத்தார் அனைவரும் மன்னிக்கப்படுவர், பகிரங்கப்படுத்துவோரைத் தவிர என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். இரவில் ஒருவன் செய்ததை அல்லாஹ் மறைத்துவைத்திருக்க, விடிந்ததும் அவனே எழுந்து "நேற்று இன்னின்னது செய்தேன்" என்று திரையைக் கிழிக்கிறானே, அவனைத்தான் சொன்னார்கள்.

புதிதாக வந்தவர்களை மேடையேற்றி, "முன்பு எப்படி இருந்தீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கூட்டத்துக்கு அது சுவையாக இருக்கலாம். உங்களுக்கு அது நல்லதில்லை, மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஏன் இஸ்லாத்துக்கு வந்தீர்கள் என்று சொல்வது வேறு, என்னென்ன செய்தீர்கள் என்று விவரிப்பது வேறு. திருமணப் பேச்சிலும் முடிந்துபோன பாவங்களைக் கிளறிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் தொற்றக்கூடிய நோய், தீராத கடன், முந்தைய திருமணம், குழந்தைகள் ஆகியவை எதிர்த்தரப்பின் உரிமை. அவற்றை மறைப்பது மோசடி.

மனிதர்களின் கணக்கு

இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். யாருக்கு, என்ன, எவ்வளவு, எப்போது என்று நான்கு பத்தி போட்டு, நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள்.

எழுதும் அளவுக்கு இது முக்கியமா என்று தோன்றினால், ஜனாஸாத் தொழுகைக்காக நபியவர்களிடம் ஓர் உடல் கொண்டுவரப்பட்ட சம்பவத்தைப் பாருங்கள். இவருக்குக் கடன் உண்டா என்று கேட்டார்கள். மூன்று தீனார் என்றார்கள். எதையாவது விட்டுச் சென்றிருக்கிறாரா என்றார்கள். இல்லை என்றார்கள். "உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள்" என்று சொல்லி விலகிக்கொண்டார்கள். அபூகதாதா (ரலி), "அந்தக் கடன் என் பொறுப்பு" என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொழவைத்தார்கள். மூன்றே மூன்று தீனார். ஷஹீதுக்கு (இறைவழியில் உயிர்நீத்தவருக்கு) எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நம் ஊர்களில் மையத்தை அடக்குவதற்கு முன் மகனோ தம்பியோ முன்னால் வந்து, "வாப்பா யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் தந்துவிடுகிறோம், பிழை ஏதும் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கூட்டத்திடம் சொல்வதன் வேர் இதில்தான் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது நீங்களே போய்ச் சொன்னால் மகன் நிற்க வேண்டியிருக்காது.

நோட்டில் பணம் சம்பந்தப்பட்டவை முதலில் வரட்டும். கைமாற்று, அமானிதமாக (நம்பிக் கொடுத்துவைத்ததாக) வந்து செலவழிந்துவிட்டது, கடையில் எடை குறைத்தது, வேலையாளுக்குத் தராமல் இழுத்தடித்த கூலி. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் சொல்வதாகப் புகாரியில் இருப்பதை முதலாளிகள் படித்துப் பார்க்க வேண்டும். மனைவிக்கு எழுதிக்கொடுத்து இன்றுவரை கொடுக்காத மஹரும் (மணக்கொடை) கடன்தான். நிக்காஹ் பதிவேட்டில் எழுதிய தொகை அதிலேயே உறங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ. பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்கிய வரதட்சணையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதே. கொடுத்தவர்கள் மனமுவந்து தந்தார்கள் என்ற சமாதானம் வேண்டாம். கேட்காமல் இருந்திருந்தால் தந்திருப்பார்களா என்று யோசியுங்கள்.

அடுத்தது சகோதரிகளின் பங்கு. இதைச் சற்று நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பாவம் என்றே நம்மில் பலர் எண்ணுவதில்லை. தகப்பனார் இறந்ததும் அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி, அக்காளையும் தங்கையையும் வண்டியில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கேட்டால், "அவர்களுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே" என்று பதில் வரும். நகை போட்டது தகப்பனார், அவர் உயிரோடு இருந்தபோது. வாரிசுப் பங்கு அல்லாஹ் 4:11-இல் எண்ணிக்கையோடு வகுத்துக் கொடுத்தது. அந்தச் சகோதரி கூடப்பிறந்தவர்களோடு உறவு கெட்டுவிடுமோ என்று பயந்து போட்ட கையெழுத்து பதிவு அலுவலகத்தில் செல்லும். மறுமையில் செல்லுமா என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் கையில் பங்கைக் கொடுங்கள். கைக்கு வந்த பிறகு அவராகத் திருப்பித் தந்தால் அது அன்பளிப்பு.

அரசுக்குச் சேர வேண்டியதும் இந்த நோட்டில் வரும். டிக்கெட் இல்லாமல் ரயிலில் போனவருக்கு ஆலிம்கள் சொல்லும் எளிய வழி, அதே அளவு தொகைக்கு டிக்கெட் வாங்கிப் பயணம் செய்யாமல் கிழித்துப் போடுவது. பணம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

எப்படித் திருப்பிக் கொடுப்பது? நேரில் போய், "உங்கள் கடையில் வேலை பார்த்தபோது இவ்வளவு எடுத்தேன்" என்று சொல்லும் துணிவு இருந்தால் நல்லது. சொன்னால் வீடு இரண்டாகும், வழக்கு வரும், உறவு அறும் என்ற நிலையில் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. "உங்களுக்குச் சேர வேண்டிய பழைய பாக்கி" என்று கொடுக்கலாம், வங்கிக் கணக்கில் போடலாம், நம்பகமான ஒருவர் மூலம் அனுப்பலாம். பொருள் உரியவரிடம் சேர வேண்டும் என்பதுதான் சட்டம். உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுங்கள். எவ்வளவு தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்றால் அவர் பெயரில் ஏழைகளுக்குத் தர்மம் செய்யுங்கள். பின்னாளில் அவர் வந்து நின்றால் அவருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். தேடாமலேயே "கிடைக்கவில்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இந்தக் காலத்தில் ஆளைக் கண்டுபிடிப்பது அத்தனை கடினமில்லை.

கையில் பணமே இல்லையா? தவணை பேசுங்கள், அவகாசம் கேளுங்கள், கொடுத்தவரிடமே மன்னிக்கக் கேட்டாலும் தவறில்லை. திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு மக்களின் பொருளை வாங்கியவருக்காக அல்லாஹ்வே கொடுத்துத் தீர்ப்பான் என்று ஒரு ஹதீஸ் ஆறுதல் தருகிறது. அதோடு வஸிய்யத் (மரண சாசனம்) ஒன்றை எழுதி வீட்டில் ஒருவருக்குத் தெரியும்படி வைத்துவிடுங்கள். உங்கள் கடன் விவரம் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் அது உங்களோடு கபுருக்குப் போய்விடும்.

மானம் சம்பந்தப்பட்டது இன்னும் சிக்கலானது. அவதூறு சொல்லியிருந்தால் எங்கே சொன்னீர்களோ அங்கேயே "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பரப்பியதை அதே குழுவில் மறுக்க வேண்டும். தனிச் செய்தியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குழுவில் மௌனமாக இருப்பது பாதி வேலை. புறம் பேசியதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. சம்பந்தப்பட்டவரிடம் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும் என்பது ஒன்று. சொல்வதால் புதிதாக மனக்காயமும் பகையும் வருமானால், அவருக்காகத் துஆ செய்து, இழிவாகப் பேசிய அதே சபைகளில் அவருடைய நல்ல குணங்களைப் பேசுவது போதும் என்பது இன்னொன்று; இப்னு தைமிய்யா இந்தப் பக்கம். அவருக்கு விஷயம் தெரியாது என்றால் இரண்டாவதே விவேகம் என்பது என் எண்ணம். ஏற்கெனவே காதில் விழுந்திருந்தால் வேறு வழியில்லை, போய் நிற்கத்தான் வேண்டும்.

அடித்தது, காயப்படுத்தியது, உயிர்ச்சேதம் போன்றவற்றை நீங்களாகவே தீர்த்துக்கொள்ள முடியாது. பாதிக்கப்பட்டவரின் உரிமையும் நாட்டின் சட்டமும் இருக்கின்றன. நல்ல ஆலிமிடமும் தேவைப்பட்டால் வழக்கறிஞரிடமும் போங்கள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகச் சென்று, "தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்து ஹலாலாக்கிவிடுங்கள்" என்று கேட்பது நல்ல வழக்கம். இப்போது அது கைப்பேசியில் ஒரே செய்தியாகச் சுருங்கி, தொடர்பில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே தட்டலில் போகிறது. அந்தப் பட்டியலில் பெரும்பாலோருக்கு நீங்கள் எந்தத் தீங்கும் செய்திருக்க மாட்டீர்கள். செய்த அந்த இரண்டு மூன்று பேரின் வாசலுக்குத்தான் நடக்க வேண்டும், அந்த வாசல்தான் தூரமாகத் தெரியும்.

பெற்றோரை நோகடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவரின் பெற்றோர் வேறு மதத்தினராக இருக்கலாம்; மதம் மாறியதையொட்டி வீட்டில் சுடுசொற்கள் பறந்திருக்கலாம். இணைவைப்பவராக இருந்த தன் தாய் வந்தபோது உறவைப் பேணலாமா என்று அஸ்மா பின்த் அபீபக்கர் (ரலி) கேட்டார். "ஆம், உன் தாயோடு உறவைப் பேணு" என்றார்கள் நபியவர்கள். நீங்கள் பேசிய கடுஞ்சொல்லுக்கு மன்னிப்புக் கேட்பதில் உங்கள் ஈமான் குறைந்துவிடாது.

விட்டுப்போன கடமைகள்

இது முஸ்லிமாக இருந்துகொண்டே விட்டவர்களுக்கு. வேண்டுமென்றே விட்ட தொழுகைகளைக் களா செய்ய (விட்டதைப் பிறகு தொழுது ஈடுசெய்ய) வேண்டும் என்பது நான்கு மத்ஹப்களிலும் (சட்டப் பள்ளிகளிலும்) பெரும்பான்மைக் கருத்து. இப்னு ஹஸ்மும் இப்னு தைமிய்யாவும், அதைக் களா செய்ய முடியாது, தவ்பா செய்து நஃபில் (கடமையல்லாத கூடுதல்) தொழுகைகளைப் பெருக்க வேண்டும் என்றார்கள். தமிழகத்தின் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபி வழி பரவலாக இருக்கிறது, உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி. இரண்டிலும் களாதான் சட்டம். உங்கள் ஜமாஅத் வேறு சொல்லலாம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இந்த விவாதத்திலேயே மூன்று மாதம் போய், இன்றைய அஸரும் தவறிவிடுவதைப் பார்க்கிறோம். களா செய்பவர்களுக்கு நடைமுறை வழி: பருவமடைந்ததிலிருந்து எத்தனை வருடம் விடுபட்டது என்று உத்தேசமாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு பர்ளோடும் (கடமைத் தொழுகையோடும்) அதே வேளையின் களா ஒன்றைச் சேர்த்துத் தொழுதுவருவது.

விட்ட நோன்புக்கு ஒன்றுக்கு ஒன்று. ரமளான் பகலில் நோன்போடு உடலுறவு கொண்டிருந்தால் தொடர்ந்து அறுபது நோன்பு, முடியாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவு. முறித்த சத்தியத்துக்கு 5:89-இன்படி பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ, இயலாவிட்டால் மூன்று நோன்பு. கொடுக்காமல் விட்ட ஸகாத்தை வருட வாரியாகக் கணக்கிட்டு இரண்டரை சதவீதம் வெளியேற்ற வேண்டும்.

வட்டி வாங்கியவர்களுக்கு, தவ்பா செய்துவிட்டால் அசல் உங்களுக்கே என்று 2:279 சொல்கிறது. வங்கிக் கணக்கில் சேர்ந்து கிடக்கும் வட்டியை நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்து வெளியேற்றுங்கள். வட்டிக் கடனில் இருப்பவர்கள் புதிதாக ஒன்றை எடுக்காமல், இருப்பதை முடிந்தவரை விரைவாக அடைத்து வெளியே வாருங்கள்.

எவ்வளவு நாள்?

தவ்பாவின் வாசல் தொண்டைக்குழியில் உயிர் வந்து நிற்கும்வரை திறந்திருக்கும். உலகம் முழுமைக்கும் சூரியன் மேற்கில் உதிக்கும்வரை. தள்ளிப்போடுபவருக்கு எதிரான எச்சரிக்கை 4:18-இல் இருக்கிறது: மரணம் வந்து நிற்கும்போது "இப்போது தவ்பா செய்கிறேன்" என்பவருக்கு அது கிடையாது.

ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்று எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி. கஅப் இப்னு மாலிக் (ரலி) தபூக் போருக்குப் போகாமல் சோம்பி நின்றுவிட்டார். மற்றவர்கள் பொய்ச் சாக்குச் சொல்லித் தப்பித்தபோது, எனக்கு எந்தக் காரணமும் இல்லை என்று உண்மையைச் சொன்னார். ஐம்பது இரவுகள் ஊரில் யாரும் அவரோடு பேசவில்லை. ஸலாமுக்கு நபியவர்களின் உதடு அசைந்ததா என்று பார்த்துப் பார்த்து ஏங்கினார். ஐம்பதாம் நாள் காலையில் ஸல்உ மலையின் மேலிருந்து ஒருவர் கூவினார்: "கஅபே, நற்செய்தி!" கஅப் அப்படியே ஸுஜூதில் விழுந்தார். அவர் விஷயத்தில் நபியவர்களுக்கு வஹீ (இறைச்செய்தி) வந்தது. நமக்கு அப்படி யாரும் மலையேறிக் கூவப்போவதில்லை. நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் மன்னிக்கப்பட்டதாகவே நல்லெண்ணம் கொள்ளும்படி அறிஞர்கள் சொல்கிறார்கள். பழைய பாவம் அடிக்கடி நினைவுக்கு வந்து, நீ தொழத் தகுதியில்லாதவன் என்று உள்ளிருந்து ஒரு குரல் சொன்னால் அந்தக் குரலின் பேச்சைக் கேட்டுத் தொழுகையை விடாதீர்கள். அஸ்தக்ஃபிருல்லாஹ் (அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறேன்) என்று சொல்லிவிட்டுத் தக்பீர் கட்டித் தொழுங்கள்.

நோட்டில் தீராத ஐயங்கள் சில மிஞ்சும். அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வாயடக்கம் உள்ள ஓர் ஆலிமிடம் போங்கள். பெண்கள் ஆலிமாவிடம் கேட்கலாம். "நான் செய்தேன்" என்று ஆரம்பிக்கத் தேவையில்லை, "ஒருவர் இன்னொருவரின் பொருளை எடுத்துவிட்டார், உரியவர் வெளிநாட்டில் இருக்கிறார், என்ன செய்வது?" என்று கேட்டாலே சட்டம் கிடைத்துவிடும். அந்த ஒருவர் யார் என்று அவர் துருவினால், வேறு ஆலிமைப் பாருங்கள்.